சுடுதண்ணீர் ஹீட்டர் பொருத்த ஆள் தேடுகிறவர்களுக்கு

திருகோணமலையில் சுடுதண்ணீர் ஹீட்டர் வாங்குவது பெரிய வேலை இல்லை. எந்தப் பெரிய ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் வரிசையாகத் தொங்குகிறது, பிடித்ததைக் காட்டினால் பெட்டியோடு தந்துவிடுவார்கள். அதை ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்த ஆளைப் பிடிப்பதுதான் பாடு. மாரி தொடங்க முன்னம் அம்மாவின் குளியலறைக்கு ஒன்று போடவேண்டி வந்ததில், இதைப் பற்றி நாலு பேரிடம் கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்து, கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டேன். கரண்டும் தண்ணீரும் ஒன்றாகச் சேருகிற இடம், அதிலும் வயதான ஒருவர் ஈரக்காலோடு நிற்கிற இடம், அதனால் தெரிந்ததை எழுதாமல் விட மனம் வரவில்லை.

இந்த வெக்கையில் ஹீட்டர் எதற்கு என்று நிறையப் பேர் கேட்டார்கள். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால், விடியற்காலையில் மேல்தாங்கித் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். நடை நன்றாக இருந்த காலத்தில் கன்னியாவுக்குப் போய், அந்த ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் மாறி மாறி அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தால் ஒரு கிழமைக்கு நோவு குறைந்திருக்கும் என்று சொல்வார். இப்போது வாகனத்தில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. அடுப்பில் சுடவைத்த தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போவது எங்கள் வீட்டில் எனக்குப் பிடிக்காத காட்சி, யாராவது வழுக்கி விழுந்தால் முழுவதும் மேலேதான் கொட்டும்.

சரி, ஆள் தேடத் தொடங்கியபோது முதலில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி. குளியலறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், ஒரு தொகை சொல்வார்கள், எப்ப வரட்டும் என்பார்கள். ஒருவர் அந்த எட்டிப் பார்ப்பதும் இல்லை, போனிலேயே விலை சொல்லிவிட்டார். இன்னொருவர், "புது வயர் எல்லாம் இழுக்கத் தேவையில்லை அண்ணா, பக்கத்தறையில பதின்மூன்று ஆம்பியர் சொக்கெட் இருக்குத்தானே, அதில குத்தினாக் காணும்" என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கணக்கு மிக இலகு. நாங்கள் பார்த்து வைத்திருந்த, தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிற சின்ன ஹீட்டரே 3.5 கிலோவாட். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். 3500ஐ 230ஆல் பிரித்தால் 15 ஆம்பியருக்கு மேல் வருகிறது. 13 ஆம்பியர் ப்ளக்கில் தினமும் 15 ஆம்பியர் ஓடினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் பார்த்தேன். ப்ளக்கின் வெள்ளை முகம் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் இளகி மறுபடி இறுகி, சொக்கெட்டை விட்டுக் கழற்றவே முடியாமல் ஒட்டிப்போய் இருந்தது. அந்த வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "இடைக்கிடை ஒரு மணம் வரும், நாங்க பெருசா எடுக்கேல்ல" என்று அந்த வீட்டு அக்கா சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதே நேரத்தில்தான் லண்டனில் என் அக்கா வீட்டில் பொய்லர் மாற்றினார்கள். அங்கே அனேகமான வீடுகளில் கொம்பி பொய்லர்தான். காஸில் எரிகிற ஒரே பெட்டி, குளிக்கிற தண்ணீரையும் அந்தந்த நேரத்துக்குச் சூடாக்கும், அறைகளில் உள்ள ரேடியேற்றர்களுக்கும் சூட்டை அனுப்பும், தண்ணீரைச் சேர்த்துவைக்கத் தனித் தாங்கி கிடையாது. பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5, 10 பாகையில் வருகிற ஊர் அது. நிமிடத்துக்கு 10 லீற்றர் தண்ணீரை 35 பாகை உயர்த்த வேண்டுமென்றால் 24 கிலோவாட் வேண்டும், நம் வீட்டு வயரில் அதை நினைத்தும் பார்க்க முடியாது, அதனால்தான் அங்கே காஸ். காஸ் என்றபடியால் சட்டமும் கடுமை. காஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பெயர் இல்லாத ஒருவர் அந்த வேலையைச் செய்யக்கூடாது. 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவுதான், அதற்கு முன்னம் கோர்கி என்று ஒன்று இருந்தது. வருகிறவர் படம் போட்ட அட்டை வைத்திருப்பார், அதன் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி இருக்கிறது என்று எழுதியிருக்கும், அந்த இலக்கத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அக்கா அட்டையைத் திருப்பியும் பார்த்திருக்கிறார். அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பொய்லரைத் தொடக்கூடாது என்பது அவருக்கு அதன் பிறகுதான் தெரியுமாம்.

ஆனால் அக்கா சொன்னதில் எனக்கு உதவியது அட்டைக் கதை இல்லை. அட்டை வைத்திருந்தவர்களுக்குள்ளேயே அவர் எப்படி ஒருவரைத் தெரிவு செய்தார் என்பதுதான். ஒருவர் போனிலேயே விலை சொன்னார், பழையது எத்தனை கிலோவாட் என்று கேட்டு அதைவிடப் பெரியதாக ஒன்று போடலாம் என்றார். மற்றவர் வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயைத் திறந்து, ஒரு அளவு ஜக்கைப் பிடித்து, போனில் நேரம் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்று அளந்தார். தெருக்குழாயில் அவ்வளவுதான் தண்ணீர் வருகிறதென்றால் எவ்வளவு பெரிய பொய்லர் போட்டும் பயனில்லை. பிறகு காஸ் மீற்றரிலிருந்து வருகிற குழாய் எத்தனை மில்லிமீற்றர், புகை வெளியே போகிற குழாய் பக்கத்து வீட்டு யன்னலுக்குக் கிட்ட வருமா, பொய்லரிலிருந்து வடிகிற தண்ணீர் பனியில் உறையாமல் எங்கே போகும், ரேடியேற்றருக்குள் இருக்கிற பழைய கறுப்புச் சேற்றைக் கழுவாமல் புதுப்பெட்டியைக் கொழுவினால் எத்தனை வருடம் தாங்கும், இப்படியே கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் போனாராம். விலை கடைசியில்தான் வந்தது. "தம்பி, விலை சொல்ல முதல் வீட்டைப் பற்றிக் கேக்கிற ஆளைப் பார்" என்று அக்கா வட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டிருந்தார். பொய்லர் வேறு ஹீட்டர் வேறு, லண்டன் வேறு எங்கள் அலஸ்தோட்டம் வேறு, ஆனாலும் நான் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான்.

இங்கேயும் சான்றிதழ் இல்லாமல் இல்லை. எலக்ட்ரீஷியன் வேலைக்கு என்.வி.கியூ. மட்டம் 3, மட்டம் 4 என்று தொழிற் தகைமை இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைட்டா என்கிற பயிலுனர் பயிற்சி அதிகார சபையிலும் படித்து எடுக்கலாம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எலக்ட்ரீஷியன்மாருக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிற திட்டத்தையும் கொண்டுவந்தது. கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நான் கேட்டபோது ஒருவர் முகம் சுளித்தார், இன்னொருவர் பெருமையாக எடுத்துக் காட்டினார். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை, தெரிந்தவருடைய தெரிந்தவர் என்றால் போதும் என்று விட்டுவிடுகிறோம். இருபது வருடம் வயரிங் செய்து கை பழகிய ஒருவரிடம் கடதாசி இல்லாமலும் இருக்கலாம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடதாசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்கிற கேள்வியில் ஆள் தெரிந்துவிடுகிறது.

ஆளை எங்கே பிடித்தேன் என்றால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் விசாரித்து. வெளிநாட்டுக்காரர் தங்குகிற இடம் என்பதால் அங்கே அறைக்கு அறை ஹீட்டர், கடற்காற்றில் அவை அடிக்கடி பழுதாகும். "ஹீட்டர் போட்டது யார்" என்று கேட்காமல், "ஹீட்டர் பழுதானால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்" என்று கேட்டேன். போடுகிறவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடலாம், பழுது பார்க்க வருகிறவருக்குத்தான் எது எதனால் எரிகிறது என்று தெரியும். இரண்டு இடத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள். பெயரை இங்கே போட அவரிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் போடவில்லை.

அவர் வந்ததும் கேட்டது, "அண்ணா, மெயின் போர்ட் எங்க இருக்கு?" குளியலறையை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. போர்ட்டைத் திறந்து, ட்ரிப் சுவிட்சில் உள்ள சின்ன டெஸ்ட் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார், கொஞ்சம் அழுத்திப் பிடித்தார், மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கிற நேரத்துக்குள் விழவேண்டிய சுவிட்ச் அது, ஒரு வீட்டில் கரண்ட் அடித்தால் உயிரைக் காப்பாற்றுவதற்கென்று இருக்கிற ஒரே சாமான், அது எத்தனை காலமாகச் செத்துக் கிடந்ததோ தெரியாது. கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு உள்ளே இறுகிப்போவது வழமை என்றார். இன்னொன்றும் சொன்னார்: டெஸ்ட் பொத்தான் வேலை செய்தால் சுவிட்ச் நல்லது என்பது மட்டும்தான் அர்த்தம், ஏர்த், அதாவது கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்குகிற கம்பி, நல்லதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது. அதனால் அடுத்ததாக வெளியே போய், மதிலோரம் ஏர்த் கம்பி இறக்கிய குழியைக் கிளறினார். கம்பியையும் வயரையும் பிடித்திருந்த கிளாம்ப் பச்சை பூத்து, கையால் தொட்டதும் கழன்று வந்தது. மீற்றர் வைத்து அளந்து காட்டினார். எங்கள் பக்கம் மணல் தரை, வெயிற்காலத்தில் காய்ந்தால் ஏர்த் சரியாகப் பிடிக்காது, கம்பியை ஈரம் இருக்கிற ஆழத்துக்கு இறக்கவேண்டும் என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சரிப்பண்ணாமல் நான் ஹீட்டர் கொழுவ மாட்டன் அண்ணா. வேற ஆளை வச்சு எண்டாலும் செய்யுங்கோ, ஆனா செய்யாமல் அம்மாவைக் குளிக்க விடாதீங்கோ." வேலையை இழக்கவும் தயாராக ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்றால் அவரை விடக்கூடாது.

அடுத்து சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேத்தலைக் கேட்டார். அவர்தான் தேத்தண்ணி போடப்போகிறார் என்று நினைத்து அம்மா சிரித்தார். அவர் மூடியைத் திறந்து அடியைப் பார்த்தார், வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படை கட்டியிருந்தது. எங்கள் தாங்கியில் கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரும் ஏறும், குழாயில் வராத நாட்களில் கிணற்றுத் தண்ணீரும் ஏறும். ஹீட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் போனால் கேத்தலில் பிடிக்கிற அதே படை உள்ளே சூடாக்கும் கம்பியிலும் பிடிக்கும், சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி அது எரிந்துபோகும். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறினால் தண்ணீரைச் சேர்த்துவைத்துச் சூடாக்குகிற கீசரின் தாங்கியையும் தின்றுவிடும், அதற்காகத்தான் கீசருக்குள் அனோட் கம்பி என்று ஒன்று இருக்கிறது, தான் கரைந்து தாங்கியைக் காப்பாற்றும், அதையும் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். விற்பனைக்காரர் யாரும் இதைச் சொல்லவில்லை. அம்மாவின் குளியலறைக்குப் போகிற குழாயில் கிணற்றுத் தண்ணீர் ஏறாதபடி தாங்கியில் ஒரு மாற்றம் செய்துகொண்டோம்.

எத்தனை கிலோவாட் என்பதிலும் கடைக்காரரும் அவரும் எதிரெதிர். கடையில் 5.5 கிலோவாட் எடுங்கள், சூடு நன்றாக வரும் என்றார்கள். அது மட்டுமே 24 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டு இணைப்பு 30 ஆம்பியர், பெரும்பாலான சிறிய வீடுகளுக்கு அதுதான். ஹீட்டர் ஓடும்போது யாராவது அயர்ன் போட்டால், அல்லது தண்ணீர் மோட்டர் ஓடினால், மெயின் விழும். லண்டனில் 5 பாகைத் தண்ணீரைச் சூடாக்கவேண்டும், எங்கள் தாங்கித் தண்ணீர் மார்கழியிலும் ஏறக்குறைய 25 பாகை. நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடவிட்டால் 3.5 கிலோவாட் அதை 16, 17 பாகை உயர்த்தும், 41, 42 பாகையில் வரும், வாத முழங்காலுக்கு அது போதும். அம்மா கதிரையில் இருந்துகொண்டு கைஷவரால்தான் குளிக்கிறார், நிமிடத்துக்கு 3 லீற்றர் அவருக்குத் தாராளம். ஆனால் அந்த 3 லீற்றர் வருகிறதா என்பதையும் எலக்ட்ரீஷியன் வாளி வைத்துப் பார்த்தார். மேல்தாங்கி ஒரு மீற்றர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கொடுக்கும். தாங்கி ஷவர் தலைக்கு மேலே இரண்டு முழம்தான் இருக்கிறது என்றால் ஹீட்டருக்குள் இருக்கிற சுவிட்ச் தண்ணீர் ஓடுவதையே உணராது, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று கடையோடு சண்டை பிடிப்பீர்கள். எங்கள் தாங்கி கொங்கிறீட் தட்டில் உயரத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

சூரிய ஒளி ஹீட்டர் பற்றியும் கேட்டேன். ஒன்பது மாதம் வெயில் கொளுத்துகிற ஊரில் அதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் சுடுதண்ணீர் தேவைப்படுவது வெயில் முகம் காட்டாத மழைக்காலத்தில், அப்போது எப்படியும் கரண்ட் கம்பி வேண்டும். 200 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 200 கிலோ, அஸ்பெஸ்டஸ் கூரைக்கு அது ஆகாது. காஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். மூடிய சின்ன அறைக்குள் காஸ் எரிந்தால் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலைசுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார். லண்டனில் அத்தனை அட்டையும் பதிவும் வைத்திருப்பது இப்படியான ஆபத்துகளுக்காகத்தான்.

விலையை அவர் கடைசியில் சொன்னார், கடதாசியில் எழுதித் தந்தார். மெயின் போர்ட்டிலிருந்து ஹீட்டருக்குத் தனி வயர், 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர், அதற்குத் தனி பிரேக்கர், குளியலறைக்கு வெளியே இரண்டு கம்பியையும் ஒன்றாக வெட்டுகிற டபிள் போல் சுவிட்ச், புது ட்ரிப் சுவிட்ச், ஏர்த் கம்பி, கூலி, எல்லாம் தனித்தனி வரி. மொத்தம் முதலில் வந்தவர் சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வித்தியாசம் முழுவதும் வயரிலும் சுவிட்சிலும் ஏர்த்திலும் இருந்தது, அவர் கூலி மற்றவருடையதைவிடக் கூட இல்லை. இப்படிப் பிரித்து எழுதித் தராவிட்டால் இது தெரிந்திருக்காது. 5.5 கிலோவாட் போடுகிறவர்கள் வயர் 7/1.04க்குக் குறையாமல் கேளுங்கள், அது 6 சதுர மில்லிமீற்றர். வயரின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும், சுவருக்குள் போகமுன்னம் படித்துப் பாருங்கள், பூசிய பிறகு யாருக்கும் தெரியாது.

தண்ணீர்க் குழாய் வேலையை யார் செய்வது என்பதையும் முதலிலேயே பேசுங்கள். வயரிங்காரர் குழாயைத் தொடமாட்டார், குழாய்க்காரர் வயரைத் தொடமாட்டார், பிறகு ஹீட்டருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ஆளை ஆள் கைகாட்டுவார்கள். எங்கள் வேலையில் இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவழைத்தேன். உத்தரவாத அட்டையையும் வாங்குகிற நேரத்திலேயே படியுங்கள். சில கம்பனிகள் தங்கள் ஆள் பொருத்தினால்தான் உத்தரவாதம் என்று போட்டிருக்கிறார்கள், அந்த ஆள் கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும் என்றால் எப்போது வருவார், செலவு யார் தலையில் என்பதைக் கடையிலேயே எழுதி வாங்குங்கள்.

முடிந்த பிறகு உடனே காசை எண்ணிக் கொடுக்க வேண்டாம். அவர் தானாகவே செய்ததை நீங்கள் கேட்டுச் செய்விக்கலாம். ட்ரிப் சுவிட்ச் பொத்தானை நம் கையாலேயே அழுத்தச் சொன்னார், "டக்" என்று வீடு முழுக்க நின்றது, அம்மா உள்ளேயிருந்து "கரண்ட் போயிட்டுதோ" என்று கேட்டார். ஹீட்டரின் ஏர்த் முனையிலிருந்து போர்ட்டின் ஏர்த் வரைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீற்றர் வைத்துக் காட்டினார். பிறகு பத்து நிமிடத்துக்கு ஹீட்டரை ஓடவிட்டு, நிற்பாட்டி, பிரேக்கரையும் சுவிட்சையும் வெளியிலிருந்து புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கொதித்தால் உள்ளே எங்கோ ஸ்குரூ இறுகவில்லை என்று அர்த்தம். எங்களுடையது சூடு ஏறவில்லை. ஆனாலும் செப்புக் கம்பி கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும் என்று, சில கிழமை கழித்து வந்து எல்லா ஸ்குரூவையும் மறுபடி இறுக்கிவிட்டுப் போனார், அதற்குக் காசு வாங்கவில்லை.

மாதத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறார். ஹீட்டர் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம், இப்போதே எழும்பிப் போய் அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்கள் ஒழுங்கையில் நான்கைந்து வீட்டில் சொல்லிப் பார்த்தேன், ஒரு வீட்டில் விழவில்லை, இன்னொரு வீட்டில் ட்ரிப் சுவிட்சே கிடையாது. அந்த உருகின ப்ளக் வீட்டு அக்கா ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டார், அடுத்த வாரம் இவர் அங்கே போகிறார். போவதற்கு முன்னம் மெயின் போர்ட், மீற்றர், மேல்தாங்கி, குளியலறைச் சுவர், கேத்தலின் உட்பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பச் சொன்னாராம். நீங்களும் யாரையாவது கூப்பிடுவதற்கு முன்னம் இந்தப் படங்களை எடுத்து அனுப்பிப் பாருங்கள், படத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.